சிறுதேர் சமைத்த கணக்கர்

தமிழில் பிள்ளைத்தமிழ் என்றொரு சிற்றிலக்கியம் உண்டு. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் இறுதியாக நிற்பது சிறுதேர்ப் பருவம். செங்கீரை ஆடிய குழந்தை சப்பாணி கொட்டி, சிற்றில் சிதைத்து, சிறுபறை முழக்கி, முடிவில் சிறுதேர் உருட்டுகிறது. நாளைக்குப் பெருந்தேர் ஊர வேண்டியவன் இன்று சிறுதேர் உருட்டிப் பழகட்டும் என்று நம் முன்னோர் எண்ணினர் போலும். விளையாட்டை வீண்வேலை என்று ஒதுக்காமல் அதற்கென ஒரு பருவத்தையே வகுத்துப் பாடினர்.

நம் மாணவர் விடுதிகளிலும் சிறுதேர் சமைப்போர் உளர். உண்மைக் காரை அளவு பிசகாமல் சுருக்கி, உள்ளங்கை அளவில் செய்து, வண்ணம் தீட்டி மேசைமேல் வைத்து மகிழ்வோர் அவர்கள். நானும் அவர்களுள் ஒருவன். மீசை முளைத்த பிள்ளைக்குப் பொம்மைக் கார் எதற்கு என்று கேட்கும் நண்பர்களும் உளர். அவர்களோடு வாதாடுவதைக் காட்டிலும் ஒருவருடைய வாழ்க்கையை எடுத்துச் சொல்வது நன்று எனக் கருதுகிறேன். அவர் பெயர் பிராங்க் ஹார்ன்பி.

1863ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் இங்கிலாந்தின் துறைமுக நகரமாகிய லிவர்ப்பூலில் ஹார்ன்பி பிறந்தார். தந்தையார் உணவுப்பொருள் வணிகர். மைந்தர் பதினாறு வயதில் பள்ளியை விட்டுத் தந்தையின் கடையில் பணப்பொறுப்பை ஏற்றார். 1887இல் கிளாரா என்னும் ஆசிரியையை மணந்தார். ரோலண்டு, டக்ளஸ் என்று இரண்டு ஆண்மக்களும் ஒரு பெண்மகவும் பிறந்தனர். 1899இல் தந்தையார் மறைந்தார், கடையும் மூடப்பட்டது. முப்பத்தாறு வயதில், இறைச்சி இறக்குமதி செய்யும் டேவிட் எலியட் என்பவரிடம் ஹார்ன்பி கணக்கெழுதும் வேலையில் அமர்ந்தார். பொறியியற் கல்லூரியின் வாயிலை அவர் மிதித்ததில்லை. பட்டறையில் தொழில் பயின்றதும் இல்லை. பகலெல்லாம் பேரேடு, மாலையில் வீட்டில் பிள்ளைகள். அவ்வளவே அவர் உலகம்.

அந்தப் பிள்ளைகளுக்காகத் தகட்டை வெட்டிப் பாலமும் பாரந்தூக்கியும் செய்யத் தொடங்கினார். அதில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. பாலத்திற்கென வெட்டிய துண்டு பாலத்திற்கே ஆகும். பாரந்தூக்கி வேண்டுமானால் மறுபடியும் முதலிலிருந்து வெட்ட வேண்டும். ஒரு துண்டே பல வேலைக்கு உதவலாகாதா என்ற எண்ணம் அவரை விடவில்லை. ஒரு ரயில் பயணத்தின்போது பாரந்தூக்கியின் நினைவில் ஆழ்ந்திருந்த வேளையில் வழி புலப்பட்டதென்று பிற்காலத்தில் அவரே எழுதினார்.

அவர் கண்ட வழி மிக எளிது. அரை அங்குல அகலமுள்ள தகட்டுப் பட்டைகளை எடுத்துக்கொண்டார். அவற்றின் நெடுகிலும் அரை அங்குல இடைவெளியில் ஒரே அளவான துளைகளை இட்டார். எந்தப் பட்டையையும் எந்தப் பட்டையோடும் போல்ட்டும் நட்டும் கொண்டு பிணைக்கலாம். கழற்றி வேறொன்றாகவும் கட்டலாம். அத்துளைகளில் அச்சைச் செருகினால் சக்கரம் சுழலும். இன்று பாலமாக நிற்பது நாளை வண்டியாக ஓடும். தொடக்கத்தில் கடைகளில் தக்க உறுப்புகள் கிடைக்காமல், போல்ட்டையும் நட்டையும்கூடத் தம் கையாலேயே செய்துகொண்டார்.

இக்கண்டுபிடிப்புக்கு உரிமம் பெறப் பணம் வேண்டும். கணக்கரின் கையில் ஏது பணம்? முதலாளி எலியட் 5 பவுன் கடன் கொடுத்தார். 1901 சனவரியில் உரிமத்திற்கு விண்ணப்பம் சென்றது. எலியட்டே கூட்டாளியும் ஆனார். இயந்திரவியல் எளிதாக்கப்பட்டது என்னும் பொருள்படும் பெயருடன் 1902இல் பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. 1903இல் ஏறத்தாழ 1,500 பெட்டிகள் விற்றன. ஆயினும் இலாபம் இல்லை. விளையாட்டுச் சாமான் கடைக்காரர்கள் ஆர்வம் காட்டவில்லை. அந்நாளில் லிவர்ப்பூலில் பொறியியற் பேராசிரியராக விளங்கிய ஹீலி-ஷா அதன் அருமையை உணர்ந்து ஆதரவு நல்கினார். கணக்கரின் கைவேலையைப் பேராசிரியர் மதித்தார் என்பது நம் போன்ற மாணவர் மனங்கொள்ளத் தக்கது.

1907இல் ஹார்ன்பி வேலையை விட்டார். அப்போது வயது நாற்பத்து நான்கு. அவ்வாண்டே மெக்கானோ என்னும் பெயரைப் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு நிறுவனம் உருவாயிற்று. எலியட் ஒதுங்கிக்கொள்ள, முழுப்பொறுப்பும் ஹார்ன்பியின் தோளில் ஏறியது. 1914இல் லிவர்ப்பூலின் பின்ஸ் சாலையில் பெரிய ஆலை எழுந்தது. 1916இல் பிள்ளைகளுக்கென மெக்கானோ இதழ் தோன்றியது. 1920இல் சாவி கொடுத்தால் ஓடும் ஹார்ன்பி ரயில்கள் வந்தன.

இவ்விடத்தில் ஒரு செய்தியைக் கூற விரும்புகிறேன். 1934இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஹார்ட்ரீ என்னும் அறிஞரும் அவர் மாணவர் ஆர்தர் போர்ட்டரும் வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் கணிப்பொறி ஒன்றை அமைத்தனர். அதன் பெரும்பகுதி மெக்கானோ உறுப்புகளால் ஆனது! பிள்ளை விளையாட்டுக்குச் செய்த பட்டையும் பற்சக்கரமும் ஆராய்ச்சிக் கூடத்தில் கணக்குப் போட்டன. விளையாட்டு எங்கே முடிகிறது, கல்வி எங்கே தொடங்குகிறது என்று யார் கோடு கிழிக்க வல்லார்?

இனிக் காருக்கு வருவோம். மாதிரிக் கார் என்பது மாதிரி ரயிலின் தம்பி. புனேயில் வாழும் நமக்கு இது நேரிலேயே காணக்கூடிய உண்மை. கோத்ரூடில், கர்வே சாலையை அடுத்து, ஜோஷி சிற்றுரு ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. பாவு ஜோஷி என்னும் ஆர்வலர் பல்லாண்டு உழைத்து உருவாக்கிய சின்னஞ்சிறு நகரம் அது. 1998இல் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. அங்கே நின்று பார்த்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: ரயில் மட்டும் ஓடினால் அது பொறி, பக்கத்தில் சாலையும் வண்டியும் மனிதரும் இருந்தால்தான் அது ஊர்.

ஹார்ன்பியின் நிறுவனமும் அவ்வாறே எண்ணியது. ரயில் நிலையத்தின் அருகே நிறுத்துவதற்கென்று 1933இல் ஆறு வண்டிகளை வெளியிட்டது: பந்தயக் காரைப் போன்ற இரண்டு கார்கள், சரக்கு லாரி, வேன், டிராக்டர், இராணுவ டாங்கி. உருக்கிய உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்தவை அவை. மறு ஆண்டு அவ்வரிசைக்கு டிங்கி டாய்ஸ் என்று பெயர் சூட்டினர். உண்மை வண்டியின் ஓர் அடி நீளம் ரயில் மாதிரியில் 7 மில்லிமீட்டராகும். ஓர் அடி 304.8 மில்லிமீட்டர் அல்லவா? அதனை 7ஆல் வகுத்தால் ஏறக்குறைய 43.5 வரும். நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு என்று இன்று உலகெங்கும் மாதிரிக் கார் சேர்ப்போர் போற்றும் அளவு அந்த ரயில் பாதையிலிருந்து பிறந்ததே. நம் பழைய அம்பாசடர் காரை அந்த அளவில் செய்தால் நீளம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் இருக்கும்.

புகழ் ஏற ஏறச் செல்வமும் சேர்ந்தது. 1931இல் எவர்ட்டன் தொகுதியிலிருந்து பழமைக் கட்சியின் சார்பில் ஹார்ன்பி நாடாளுமன்றம் சென்றார். 1935 தேர்தலில் மீண்டும் நிற்கவில்லை. இதயநோயும் நீரிழிவும் வாட்ட, 1936 செப்டம்பர் 21ஆம் நாள் மறைந்தார். லிவர்ப்பூலை அடுத்த மேகல் என்னும் ஊரில் அடக்கம் செய்யப்பட்டார்.

பெரியோர் வரலாற்றைக் கூறும்போது புகழ்ச்சியோடு நின்றுவிடுதல் முறையன்று. ஹார்ன்பியின் பெட்டிகளின்மேல் சிறுவர் படமே இருந்தது. இதழும் சிறுவரையே விளித்தது. ஆனால் பின்ஸ் சாலை ஆலையில் வேலை செய்தவர்களுள் பெரும்பாலோர் பெண்கள்! செய்யும் கை பெண்ணுடையது. விளையாடும் உரிமை மட்டும் ஆணுக்கா? இன்று புனேயின் பொறியியற் கல்லூரிகளில் பயிலும் நம் சகோதரியர் அக்கேள்விக்கு நாள்தோறும் விடையளித்து வருகின்றனர்.

மற்றொன்றும் உண்டு. மெக்கானோ பெட்டியில் உறுப்புகள் மட்டுமே இருந்தன. வண்டியைப் பிள்ளைதான் கட்ட வேண்டும். டிங்கி காரோ முழுதும் முடிந்த பொருளாகவே வந்தது. பிள்ளைக்கு மிஞ்சியது உருட்டுவது மட்டுமே. கட்டக் கற்றுக்கொடுத்த அதே நிறுவனம் வாங்கவும் கற்றுக்கொடுத்தது. அந்த முடிந்த பொருளும் நிலைக்கவில்லை. தொடக்க ஆண்டுகளில் வார்த்த துத்தநாகக் கலவையில் ஈயம் முதலிய மாசு கலந்துவிட்டமையால், அக்காலக் கார்கள் பல வெடித்து உதிர்ந்து போயின. பிறகு நிறுவனமும் கைமாறியது. அச்சுகள் சில கடல் கடந்து கல்கத்தா வந்தன. 1960களின் பிற்பகுதியில் அவற்றைக் கொண்டு நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் நம் நாட்டிலேயே கார்கள் வார்க்கப்பட்டன. 1979 நவம்பர் 30இல் பின்ஸ் சாலை ஆலை மூடப்பட்டது. தொழிலாளர் வெளியேற மறுத்து உள்ளேயே இருந்து போராடியும் கதவு மீண்டும் திறக்கவில்லை.

ஆலை போயிற்று, துளையிட்ட பட்டையின் தத்துவம் போகவில்லை. கடையில் வாங்கிய காரை அப்படியே அலமாரியில் வைக்க மனம் ஒப்பாதவர்களிடம் அது வாழ்கிறது. அவர்கள் அடித்தட்டின் ரிவெட்டைத் துளையிட்டு எடுத்து, உடலையும் அச்சுகளையும் தனித்தனியே பிரிக்கிறார்கள். பழைய வண்ணத்தைக் களைந்து, அரத்தால் பிசிரை நீக்கி, உப்புத்தாளால் தேய்க்கிறார்கள். புது வண்ணத்தை மெல்லிய பூச்சுகளாகப் பூசுகிறார்கள். ஏன் மெல்லிய பூச்சு? பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடித்தாலும், உண்மைக் காரின் அளவில் அது நான்கு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட சாந்தாகிவிடும். கதவின் கோடு மறைந்து போகும். பிறகு நீர்த்த கருவண்ணத்தை அக்கோடுகளில் ஓடவிட்டு, மேலே வழிந்ததைத் துடைத்தால், கதவு உடலிலிருந்து பிரிந்து நிற்பதுபோல் தோன்றும். சக்கரத்தில் செம்மண் தூசி, புகைக்குழாயின் வாயில் கரி என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்க வண்டிக்கு உயிர் வரும். முடிந்த பொருளை மீண்டும் முடியாத பொருளாக்கித் தம் கையால் முடிப்பவர்கள் இவர்கள். ஹார்ன்பி முதன்முதல் செய்த வேலையும் இதுவே அல்லவா?

நண்பர்களே! நாம் வாழும் நகரம் வண்டிகளின் நகரம். பிம்ப்ரியிலும் சாகணிலும் நாள்தோறும் வண்டிகள் உருவாகின்றன. நம்மில் பலர் அவ்வாலைகளில் வேலை தேடப் போகிறவர்கள். கணித்திரையில் காரை வரையக் கற்றுக்கொண்டோம், நன்று. ஆயினும் ஒரு திருகாணி இறுகும்போது எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதைத் திரை சொல்லாது, விரல்தான் சொல்லும். அந்த விரலறிவை, பேரேடு எழுதிய ஒரு கணக்கர் 5 பவுன் கடனிலும் மாலை நேரத்திலும் தேடிக்கொண்டார். நமக்கோ விடுதி மேசையும் ஞாயிற்றுக்கிழமையும் இருக்கின்றன. ஒரு திருப்புளியும் அரமும் ஒரு தாள் உப்புத்தாளும் வாங்கத் தேநீர்ச் செலவே போதும். வாருங்கள், அடுத்த ஞாயிறன்று ஒரு வண்டியைப் பிரித்துப் பார்ப்போம்.