சோற்றுக்குப் போன பள்ளிக்கூடம்

எங்க தாத்தா சின்ன வயசில் வண்டியூர்ப் பக்கம் ஆடு மேய்த்தவர். அவரைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்தது பாடமில்லை, மதியச் சோறு. அந்தச் சோற்றைப் போட்டவரின் கதை இது.

காமராசர் 1903 ஜூலை 15ல் விருதுநகரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். படிப்பு பாதியில் நின்றது. பிறகு சுதந்திரப் போராட்டம், சிறைவாசம்.

1953ல் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைப் பாதியாகக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. 1954 ஏப்ரலில் முதலமைச்சரான காமராசர் அதைக் கைவிட்டார். அது நீடித்திருந்தால் எங்க தாத்தா ஆட்டோடயே நின்றிருப்பார்.

1956ல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. முதலில் ஊர்மக்கள் நன்கொடை, பின்பு அரசு மானியமும். பள்ளிகளோடு பாலிடெக்னிக்குகளும் அவர் காலத்தில் பெருகின. 1963 வரை பதவியிலிருந்தார். 1975 அக்டோபர் 2ல் மறைந்தார். மதுரைப் பல்கலைக்கழகம் 1978ல் அவர் பெயரைப் பெற்றது. 2022ல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும் நம்ம மதுரையில்தான் தொடங்கியது.

சோற்றுக்குப் போன தாத்தா எட்டாவது முடித்தார். அப்பா ஐ.டி.ஐ. நான் டிப்ளமோ. ஆனால் எனக்குக் கணக்கில் ரெண்டு அரியர்! படிக்க முடியாதவர் நமக்காகப் போட்ட பாதையில் கட் அடித்துத் திரிந்ததை நினைத்தால் வெட்கமா இருக்கு. இந்த ஏப்ரலில் அரியரை முடிக்கப் போகிறேன். நீங்களும் லைப்ரரிப் பக்கம் வாங்களேன்!