துடைப்பம் பிடித்த உலக சாம்பியன்!

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அன்றைய சோவியத் யூனியனைச் சேர்ந்த திபிலிசி நகரில், ஒரு சிறுவன் தெருவைப் பெருக்கிப் பிழைப்பு நடத்தினான். போர்க்காலத்திலேயே தாயையும் தந்தையையும் இழந்துவிட்டான். போதாக்குறைக்கு, அவனுடைய காதுகளும் மெல்ல மெல்ல மந்தமாயின. பிற்காலத்தில் காதுக்கருவி இல்லாமல் முடியாது என்ற நிலை வந்தது.

அந்தச் சிறுவன்தான் 1963ல் உலக செஸ் சாம்பியனான டிக்ரான் பெட்ரோசியன்!

டிக்ரான் 1929ம் ஆண்டு ஜூன் 17ம் தேதி திபிலிசியில் பிறந்தான். பெற்றோர் ஆர்மீனியர்கள். எட்டு வயதில் செஸ் ஆடக் கற்றுக்கொண்டான். அந்த ஊரில் சிறுவர்களுக்காக ஒரு மன்றம் இருந்தது. அங்கே எப்ரலிட்ஸே என்ற ஆசிரியர் அவனுக்குப் பயிற்சி கொடுத்தார்.

பன்னிரண்டு வயதில், செஸ் மேதை நிம்சோவிச் எழுதிய ஒரு புத்தகத்தின் மீது டிக்ரானுக்கு ஆசை வந்தது. கையில் காசு ஏது? வயிற்றுக்கு வைத்திருந்த ரேஷனைக் கொடுத்து அந்தப் புத்தகத்தை வாங்கினான். திரும்பத் திரும்பப் படித்தான்.

அதில் அவன் கற்ற முக்கியமான பாடம் இதுதான்: நாம் என்ன செய்யலாம் என்று யோசிப்பதற்கு முன், எதிரி என்ன செய்ய நினைக்கிறான் என்று யோசிக்க வேண்டும். அவன் தாக்க வரும் வழியை முன்கூட்டியே அடைத்துவிட வேண்டும். அப்புறம் அவனால் அசைய முடியாது!

இந்தப் பாடம் டிக்ரானை மேலே ஏற்றியது. 1946ல் ஆர்மீனியாவின் தலைநகர் எரெவானுக்குக் குடிபெயர்ந்து, அந்த ஆண்டே ஆர்மீனிய சாம்பியன் ஆனான். 1949ல் மாஸ்கோ போனான். 1952ல் கிராண்ட் மாஸ்டர் பட்டம் கிடைத்தது. தெரு பெருக்கிய பையனுக்கு அப்போது வயது 23தான்.

பெட்ரோசியனின் ஆட்டத்தில் அதிரடி குறைவு. அதனால் சலிப்பூட்டும் ஆட்டம் என்று சிலர் குறை சொன்னார்கள். அவர் அசரவில்லை. தேவைப்பட்டால், தன் யானையையே எதிரியின் குதிரைக்கோ மந்திரிக்கோ பலி கொடுத்துவிட்டுக் கோட்டையைக் காப்பாற்றுவார். அவரைத் தோற்கடிப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. 'இரும்பு டிக்ரான்' என்ற பெயரும் வந்தது.

1963ல் உலக சாம்பியன் போத்வின்னிக்கை எதிர்த்து மாஸ்கோவில் ஆடினார். முதல் ஆட்டத்திலேயே தோல்வி! ஆனாலும் பதறாமல் பழைய பாணியிலேயே ஆடினார். 22 ஆட்டங்களின் முடிவில், 12.5 - 9.5 என்ற புள்ளிக் கணக்கில் பட்டம் அவருடையது. எரெவானில் ஒரு சதுக்கத்தில் பெரிய பலகை வைத்து, மாஸ்கோவில் நகர்த்திய ஒவ்வொரு காயையும் மக்களுக்குக் காட்டினார்கள். அங்கே கூடிய கூட்டத்துக்கு அன்று திருவிழாதான்.

1966ல் ஸ்பாஸ்கியை வென்று பட்டத்தைத் தக்கவைத்தார். சாம்பியனாக இருக்கும் ஒருவர், பட்டப் போட்டியில் வெற்றி பெற்றது 1934க்குப் பிறகு அதுவே முதல் முறை. 1969ல் அதே ஸ்பாஸ்கியிடம் பட்டத்தை இழந்தார். ஆனாலும் ஆடுவதை நிறுத்தவில்லை.

செஸ் ஒலிம்பியாட் போட்டிகளில் அவர் மொத்தம் 129 ஆட்டங்கள் ஆடினார். எத்தனை தோல்வி தெரியுமா? ஒன்றே ஒன்று!

அவருடைய காதுக் குறையும் ஒருமுறை கை கொடுத்தது. 1971ல் ஸ்பெயின் நாட்டின் செவில் நகரில், ஜெர்மனி வீரர் ஹூப்னருடன் ஆடினார். வெளியிலிருந்து ஒரே இரைச்சல். ஹூப்னர் தவித்துப் போனார். பெட்ரோசியனோ காதுக்கருவியை அணைத்துவிட்டு, நிம்மதியாக யோசித்தார்! ஏழாவது ஆட்டத்தில் தோற்றதும் ஹூப்னர் போட்டியை விட்டே விலகிவிட்டார்.

1984ம் ஆண்டு ஆகஸ்ட் 13ம் தேதி, புற்றுநோயால் மாஸ்கோவில் காலமானார் பெட்ரோசியன். எரெவானில் உள்ள செஸ் மாளிகைக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஆர்மீனியாவில் 2011 முதல் பள்ளிக்கூடப் பாடங்களில் செஸ்ஸும் ஒன்று.

2018ல் ஆர்மீனியா புதிய 2,000 டிராம் நோட்டை வெளியிட்டது. டிராம் என்பது அந்நாட்டு நாணயம். அந்த நோட்டில் யாருடைய படம் இருக்கிறது தெரியுமா? காசில்லாமல் ரேஷனைக் கொடுத்துப் புத்தகம் வாங்கிய அந்த டிக்ரானின் படம்தான்!