மண்ணுக்குள் இருந்த சாட்சி

தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் மலைச்சீமையில் உவாரோச்சிரி என்றோர் ஊர். அங்கே 1880-ம் ஆண்டில் ஒரு சுதேசிக் குடும்பத்தில் பிறந்தவர் ஜூலியோ டெல்லோ. தாய்மொழி கெச்சுவா. ஸ்பானியர் ஆட்சி ஒழிந்து அறுபது ஆண்டுகள் ஆகியிருந்தும், அம்மலைமக்களைத் தாழ்ந்தவர்களாக எண்ணும் வழக்கம் ஒழிந்தபாடில்லை.

படிப்பின் பொருட்டு சிறுவன் டெல்லோ தலைநகரான லீமாவுக்கு வந்தான். சில்லறை வேலைகள் செய்து வயிறு வளர்த்து, சான் மார்க்கோஸ் சர்வகலாசாலையில் வைத்தியம் பயின்றான். அந்நாளில் ஒரு நூலில் பழங்கால மண்டை ஓடுகளின் படங்கள் அவன் கண்ணில் பட்டன. அவற்றில் துளைகள் இருந்தன. அந்த ஓடுகளோ அவனுடைய சொந்த மலைப்பக்கத்தில் கிடைத்தவை!

ஊர் திரும்பி, நூற்றுக்கணக்கான ஓடுகளைச் சேகரித்தார் டெல்லோ. பலவற்றில் துளையின் ஓரத்தில் எலும்பு வளர்ந்து ஆறியிருந்தது. அப்படியானால் சிகிச்சைக்குப் பிறகும் நோயாளி பிழைத்திருந்தார் என்பதுதானே பொருள்? இரும்பையே அறியாத முன்னோர், மண்டையில் ரணசிகிச்சை செய்து உயிரைக் காத்திருக்கிறார்கள்!

1911-ல் அமெரிக்காவின் ஹார்வர்டில் மானிட இயலில் பட்டம் பெற்றுத் திரும்பினார். பெருவின் நாகரிகம் மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த இரவல் என்று மாக்ஸ் ஊலே போன்ற அறிஞர்கள் அப்போது கருதினர். டெல்லோ மண்ணையே சாட்சிக்கு அழைத்தார். 1919-ல் சாவின் என்ற மலையூரில் பழைய கற்கோயிலை ஆராய்ந்தார். தூண்களிலும் கற்களிலும் காட்டுப்புலி, முதலை, பாம்பு, கழுகு ஆகிய உருவங்கள். இவை ஆண்டிஸ் மலையிலும் அதன் கிழக்கே உள்ள பெருங்காட்டிலும் வேரூன்றிய நாகரிகம் என்று வாதாடினார்.

1927-ல் பராக்காஸ் பாலைவனத்தில் இன்னொரு புதையல் கிட்டியது. துணிகளால் சுற்றப்பட்ட 429 சடலப் பொதிகள்! சுமார் 2,000 ஆண்டுகள் மணலில் கிடந்தும் பூவேலை செய்த போர்வைகள் வண்ணம் மங்காமல் இருந்தன.

1930-ல் ஆட்சி மாறியது. அருங்காட்சியகத் தலைமைப் பதவி டெல்லோவின் கையை விட்டுப் போயிற்று. காவலற்ற கல்லறைகளில் திருடர் புகுந்தனர். பராக்காஸ் துணிகள் பல கடல் கடந்தன. சுவீடனின் கோத்தன்பர்க் நகருக்குப் போய்ச் சேர்ந்தவை 2014 முதல்தான் தாய்நாடு திரும்பலாயின.

சாவினே எல்லாவற்றுக்கும் தாய் என்ற டெல்லோவின் முடிவு பின்னர் திருத்தம் பெற்றது. அதைவிட மிகப் பழமையான காரால் நகரம் பெருவின் கடற்கரைப் பக்கத்துப் பள்ளத்தாக்கு ஒன்றில் வெளிப்பட்டது. ஆனால் அதுவும் அந்த மண்ணிலேயே முளைத்ததுதான். நாகரிகம் இரவல் அல்ல என்ற அவருடைய மூல வாதம் இதனால் உறுதியே அடைந்தது.

1947-ல் டெல்லோ காலமானார். லீமாவில் தாம் வளர்த்த அருங்காட்சியகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். முன்னோரை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர், அவர்களுடைய கைவேலைகளுக்கு நடுவிலேயே உறங்குகிறார்.