சாமுவேல் பிஸ்க் கிரீன்

சாமுவேல் பிஸ்க் கிரீன் (அக்டோபர் 10, 1822 – மே 28, 1884) யாழ்ப்பாணத்தில் மேலை மருத்துவத்தைத் தமிழ்வழியில் கற்பித்த அமெரிக்க மருத்துவர் ஆவார். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஊஸ்டரில் பிறந்து, நியூயார்க்கில் மருத்துவம் பயின்ற இவர், அமெரிக்க மிசனின் மருத்துவராக 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார்.

தமிழ்வழி மருத்துவக் கல்வி

1848 இல் மானிப்பாயில் மருத்துவப் பணியைத் தொடங்கிய கிரீன், அங்கேயே மாணவர்களையும் பயிற்றுவித்தார். தொடக்கத்தில் பாடங்கள் ஆங்கிலத்தில் நடைபெற்றன. ஆங்கிலவழியில் தேர்ந்தோர் பலர் அரசுப் பணியையும் வெளியூரையும் நாடிச் சென்றனர். ஊர்மக்களுடன் தங்கிப் பணியாற்றும் மருத்துவர் உருவாக வேண்டுமாயின் அவர்கள் மொழியிலேயே கற்பிக்க வேண்டும் எனக் கருதிய அவர், 1864 முதல் தமிழில் கற்பிக்கலானார்.

அதற்குரிய பாடநூல்கள் தமிழில் இல்லை. எனவே உடற்கூறு, அறுவை மருத்துவம், மகப்பேறு முதலிய துறை நூல்களை மாணவர் துணையுடன் மொழிபெயர்த்தார். கலைச்சொல்லைத் தமிழில் தேடினார். கிடைக்காவிடில் வடமொழியில் தேடினார். அங்கும் இல்லையெனில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இசைத்தார். 1875 இல் நாகர்கோவிலில் அச்சான வேதியியல் நூலின் பெயர் 'கெமிஸ்தம்' என்பது இன்று விந்தையாகத் தோன்றலாம்.

இறுதிக் காலம்

1873 இல் அமெரிக்கா திரும்பிய பின்னரும் தமிழ் நூற்பணியைத் தொடர்ந்தார். உடலியங்கியல் நூலான 'மனுஷ சுகரணம்' 1883 இல் வெளிவந்தது. மானிப்பாய் மருத்துவமனை பின்னாளில் கிரீன் நினைவு மருத்துவமனை எனப் பெயர் பெற்றது.