டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்: நீல நிறம் காட்டிய வழி

கல்முனைக்குத் தெற்கே ஒலுவிற் கடற்கரையில் விடியற்காலையில் நின்றோர் கரைவலை இழுக்கும் காட்சியைக் கண்டிருப்பர். அம்பாப் பாட்டின் தாளத்துக்கு இசைய மணலிற் காலூன்றிக் கயிற்றை இழுப்போரின் தசைகளுக்கு அந்த வலிமை எங்கிருந்து வருகின்றது? உண்ட சோற்றிலிருந்தும் மீனிலிருந்தும் வருகின்றது என்பது பாதி விடையே. உணவின் சக்தி தசையை அசைக்கும் சக்தியாக எவ்வாறு மாறுகின்றது என்பதே மறுபாதி. அம்மறுபாதியை உலகுக்கு உணர்த்தியவர்களுள் ஒருவர் சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் பழைய மாணவர். நம்மைப் போன்றதோர் இந்துக் கல்விச்சாலையிற் பயின்ற அப்பெருமகனாரின் வாழ்க்கையை நமது விழா மலரில் நினைவுகூர்தல் பொருத்தமேயாகும்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு சனவரி 12ஆந் திகதி, அந்நாளிற் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பீமவரத்தில், வறுமையோடு போராடிய தெலுங்குக் குடும்பமொன்றிற் பிறந்தார். இளமையில் அவர் கல்வியிற் சிறந்து விளங்கினார் எனக் கூறுவதற்கில்லை. மெட்ரிக்குலேஷன் பரீட்சையில் இருமுறை தவறி, மூன்றாம் முறையே இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினார். பின்னர் மாநிலக் கல்லூரியிற் பயின்று, சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுச் சத்திர சிகிச்சைக் கூடத்திலும் கதராடை அணிந்தமையால் ஆசிரியர் ஒருவரின் வெறுப்புக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்குப் பதிலாகத் தாழ்ந்த தரத்துச் சான்றிதழே பெற்றார் என அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

அக்காலத்திற் சங்கிரகணி நோய் அவருடைய குடும்பத்தைச் சூறையாடியது. சகோதரர் இருவர் அந்நோய்க்கு இரையாயினர். சுப்பாராவும் அதனாற் பீடிக்கப்பட்டு, ஆயுர்வேத மருத்துவராகிய ஆசண்ட இலட்சுமிபதியின் சிகிச்சையாற் பிழைத்தார். அன்னாரின் ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூற்று விரிவுரையாளராகச் சிலகாலம் பணியாற்றினார். மருந்தறியா நோய்களுக்கு மருந்து காணவேண்டும் என்னும் வேட்கை அவர் உள்ளத்தில் அந்நாளில் வேரூன்றியது எனலாம்.

1920களின் தொடக்கத்தில், மாமனாரின் உதவியோடும் காக்கிநாடாவின் அறநிலையம் ஒன்றின் ஆதரவோடும் அமெரிக்கா சென்று, பொஸ்டன் நகரில் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் வெப்பவலய மருத்துவப் பிரிவிற் சேர்ந்தார். பகலிற் கல்வியும் இரவில் மருத்துவமனையில் ஏவலாள் வேலையுமாக நாட்கள் கழிந்தன. பின்பு சைரஸ் பிஸ்க் என்னும் பேராசிரியரின் ஆய்வுகூடத்தில் இடங்கிடைத்தது. இருவரும் 1925இல், இரத்தத்திலும் இழையங்களிலும் உள்ள பொசுபரசை அளக்கும் முறையொன்றை வெளியிட்டனர். மொலிப்டேற்றுக் கரைசலோடு பொசுபேற்றைச் சேர்த்துத் தாழ்த்தும் பொருளொன்றை இட்டால் நீல நிறம் தோன்றும். நிறத்தின் செறிவே பொசுபரசின் அளவைக் காட்டும். எளிமையும் துல்லியமும் வாய்ந்த இம்முறை பிஸ்க்-சுப்பாராவ் முறை எனப் பெயர்பெற்று, உயிரிரசாயனம் பயிலும் தலைமுறைகளுக்கு அரிச்சுவடியாயிற்று.

அளவுகோல் அமைந்தபின் புதுமைகள் தோன்றலாயின. தசைச் சாற்றை ஆராய்ந்தபோது நீல நிறம் உரிய வேகத்திற் தோன்றாது தாமதித்தது. பிழையென அதனைத் தள்ளிவிடாது காரணத்தைத் தேடினர். எளிதிற் சிதையும் புதிய பொருளொன்று தசையில் உண்டென்பது புலனாயிற்று. அதுவே 1927இல் அறிவிக்கப்பட்ட பொசுபோகிரியேற்றின். தசை வேலை செய்யுங்கால் அது சிதையும். ஓய்வுறுங்கால் மீண்டும் உருவாகும். 1929இல் அடினோசின் முப்பொசுபேற்று என்னும் ஏ.டி.பி.யையும் கண்டறிந்தனர். ஜேர்மனியில் கார்ல் லோமனும் அதே ஆண்டில் அதனைத் தனித்துக் கண்டார். கலங்களின் பணிகளுக்கெல்லாம் சக்தியை வழங்கும் நாணயமாக ஏ.டி.பி. விளங்குகின்றது என்பது பின்னாளிற் தெளிவாயிற்று.

1930இற் கலாநிதிப் பட்டம் பெற்ற சுப்பாராவுக்கு ஹாவார்ட் நிரந்தரப் பதவி வழங்கவில்லை. 1940இல் நியூயோர்க் மாநிலத்திலுள்ள லெடர்லி ஆய்வுகூடத்தை அடைந்து, அங்கு ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கினார். அவருடைய குழுவினர் 1945இற் போலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். சகோதரரைக் கொன்ற சங்கிரகணிக்கே அது மருந்தாயிற்று என்பதை எண்ணுந்தோறும் உள்ளம் உருகும். அங்கு ஆக்கப்பட்ட அமினோப்தெரின் என்னும் மருந்தைக் கொண்டு சிட்னி பார்பர் என்பார் குழந்தைகளின் வெண்குருதிப் புற்றுநோயைத் தற்காலிகமாகவேனும் தணித்து 1948இல் உலகை வியப்பித்தார். யானைக்கால் நோய்க்குரிய டைஎதில்கார்பமசினும் அக்கூடத்திலேயே பிறந்தது. நம் இலங்கையும் அம்மருந்தைக் கையாண்டு, பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்னும் நிலையிலிருந்து அந்நோயை நீக்கிவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது.

1948 ஆகஸ்டில், தமது 53ஆம் வயதில், சுப்பாராவ் மாரடைப்பால் மறைந்தார். விட்டுவந்த மனைவியையும் பிறந்த மண்ணையும் அவர் மீண்டும் காணவேயில்லை. நோபல் பரிசும் அவரை நாடி வரவில்லை.

ஆயினும் அவர் தொடக்கிவைத்த ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. ஏ.டி.பி. செலவாகுங்கால் அதன் பொசுபேற்றுக்களுள் ஒன்று நீங்கி ஏ.டி.பி. ஏ.டி.பி.யாக இராது இருபொசுபேற்றாகும். நெருக்கடி மிகுமாயின் இருபொசுபேற்று இரண்டு சேர்ந்து, ஓர் ஏ.டி.பி.யும் ஓர் ஏ.எம்.பி.யும் தோன்றும். எனவே ஏ.எம்.பி. பெருகுதல் கலத்தின் வறுமைக்கு அறிகுறி. இவ்வறிகுறியை உணரும் புரத நொதியம் ஒன்று உண்டு. 1988இல் ஸ்கொத்லாந்தின் டண்டி நகரத்து ஆய்வாளர் அதற்கிட்ட பெயரின் சுருக்கமே ஏ.எம்.பி.கே. அரிசிப்பானை குறைந்ததைக் கண்ட இல்லத்தலைவி விருந்தை நிறுத்திச் சேமிப்பை எடுப்பது போல, அது கொழுப்பை ஆக்கும் வேலையை நிறுத்தி, வெல்லத்தையும் கொழுப்பையும் எரிக்கும் வேலையை முடுக்கிவிடும். நீரிழிவுக்கு வழங்கும் மெற்போமினும் இந்நொதியத்தைத் தூண்டுவதாக 2001இற் காட்டப்பட்டது. அம்மருந்தின் செயலுக்கு வேறு வழிகளும் உண்டு.

இப்புரதம் விழித்திருக்கின்றதா, உறங்குகின்றதா என்பதை எவ்வாறு அறிவது? விழிக்குங்கால் அதன் 172ஆம் அமினோ அமிலத்திற் பொசுபேற்று ஒன்று ஒட்டும். நீல நிற முறை பொசுபரசு முழுவதையும் அளக்குமேயன்றி, அவ்வொன்றைத் தனித்துக் காட்டாது. இவ்விடத்திற் பிறபொருளெதிரிகள் துணைவருகின்றன. பொசுபேற்று ஒட்டிய அப்புரதத் துண்டை முயலின் உடலிற் செலுத்தினால், முயலின் குருதி அதனைப் பற்றும் பிறபொருளெதிரிகளை ஆக்கும். அவற்றுள் பொசுபேற்று இல்லாத துண்டையும் பற்றுவனவற்றை விலக்கி, எஞ்சியவற்றை எடுப்பர். இழையச் சாற்றிலுள்ள புரதங்களைப் பருமன்படி பிரித்து, மென்படலத்திற் பதித்து, இவ்வெதிரியை இட்டால், விழித்த புரதம் மட்டும் பட்டையாகத் தோன்றும்.

எனினும் பட்டை ஒன்றைக் கண்டு மயங்கலாகாது. புரதத்தின் மொத்த அளவு கூடினும் பட்டை கருக்கும்; ஆதலின் மொத்தத்தைப் பற்றும் வேறோர் எதிரியாலும் அதே சாற்றைச் சோதித்து ஒப்பிடல் வேண்டும். நொதியத்தாற் பொசுபேற்றை நீக்கினாற் பட்டை மறைதல் வேண்டும். அப்புரதமே இல்லாத கலத்தில் அது தோன்றவே கூடாது. இச்சோதனைகளைத் தாண்டாத எதிரிகளை நம்பி ஆய்வாளர் பலர் வழிதவறியுள்ளனர். இழையத்தை எடுக்கும் தாமதமும் தீங்காகும். குருதி தடைப்பட்ட கணமே நெருக்கடி பிறந்து புரதம் விழித்துவிடும். சுப்பாராவின் காலத்திற் பொசுபோகிரியேற்றினும் இவ்வாறே கைபட்டதும் சிதைந்து ஆய்வாளரை ஏமாற்றிற்று. உடனே உறையவைத்தலே அன்றும் இன்றும் பரிகாரம்.

ஒலுவிலில் இன்று தென்கிழக்குப் பல்கலைக்கழகம் விளங்குகின்றது. நமது கல்லூரியிலிருந்து அத்தகைய கலாபீடங்களை நோக்கிச் செல்லும் மாணவர்களுக்குச் சுப்பாராவின் வாழ்க்கை இரண்டு பாடங்களை விட்டுச் செல்கின்றது. பரீட்சையில் இருமுறை தவறியமை அறிவின் முடிவன்று என்பது ஒன்று. நீலம் தாமதித்தபோது அதனை மறைக்காது ஏன் எனத் தேடிய நேர்மையே பெருங்கண்டுபிடிப்பின் வாயில் என்பது மற்றொன்று. அளவுகோலைச் சோதித்தபின் அளப்பவனே உண்மை ஆய்வாளன். அவன் பெயர் மறக்கப்படினும் அவன் அளவு நிலைத்து நிற்கும்.