பாலைவனத்துக்குத் தண்ணீர் தந்த அரசி

குழந்தைகளே! ஆயிரத்தொரு இரவு அரபுக் கதைகளைப் படித்திருக்கிறீர்களா? மாறுவேடம் போட்டுக்கொண்டு, இரவு நேரத்தில் பாக்தாத் நகர வீதிகளில் சுற்றி வருவாரே ஹாரூன் அல் ரஷீத், அவர் கதையில் மட்டும் வருபவர் அல்ல. உண்மையில் வாழ்ந்த மன்னர். அவருடைய மனைவியின் பெயர் ஜுபைதா. கணவரின் பெயர் கதைகளால் நிலைத்தது. மனைவியின் பெயரோ தண்ணீரால் நிலைத்தது. அது எப்படி என்று பார்ப்போமா?

வெண்ணெய் உருண்டை!

ஜுபைதா சுமார் 766ஆம் ஆண்டு பிறந்தார். பாக்தாத் நகரை 762இல் கட்டத் தொடங்கிய கலீபா அல் மன்சூர்தான் இவருடைய தாத்தா. குழந்தை கொழுகொழு என்று இருந்ததால், வெண்ணெய் உருண்டை என்ற பொருளில் ஜுபைதா என்று செல்லமாக அழைத்தார் தாத்தா. அமத் அல் அஸீஸ் என்ற சொந்தப் பெயரை எல்லோரும் மறந்தே போனார்கள். செல்லப் பெயரே வரலாற்றில் நின்றுவிட்டது.

உறவினரான ஹாரூனுக்கும் ஜுபைதாவுக்கும் 781ஐ ஒட்டித் திருமணம் நடந்தது. 786இல் ஹாரூன் கலீபா ஆனார். இராக், அரேபியா, எகிப்து என்று பரந்து கிடந்த பேரரசின் அரசி ஆகிவிட்டார் ஜுபைதா. செல்வத்துக்குக் குறைவே இல்லை. ரத்தினக் கற்கள் பதித்த காலணிகளை அணிந்தாராம். அவருடைய அரண்மனையில் நூறு பணிப்பெண்கள் குர்ஆன் ஓதுவார்களாம். அந்த ஒலி தேன்கூட்டின் ரீங்காரம் போலக் கேட்குமாம். பழைய வரலாற்று ஆசிரியர்கள் இப்படி எழுதி வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு வசதியாக வாழ்ந்தவருக்குத் தாகத்தின் கொடுமை எப்படித் தெரிந்தது?

ஒரு பை தண்ணீர் ஒரு தினார்

ஜுபைதா பலமுறை ஹஜ் பயணம் போனவர். இராக்கில் உள்ள கூஃபா நகரிலிருந்து மக்காவுக்குச் சுமார் 1,400 கிலோமீட்டர் தூரம். அந்தக் காலத்தில் பேருந்து ஏது, விமானம் ஏது? ஒட்டகத்தில் ஏறியும் கால்நடையாகவும் ஒரு மாதத்துக்கு மேல் பாலைவனத்தில் போக வேண்டும். வழியில் தண்ணீர் கிடைக்காமல் மனிதர்களும் கால்நடைகளும் மடிவது உண்டு.

மக்காவிலோ ஆண்டு முழுவதும் சேர்த்து 100 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் மழை பெய்யும். அங்கே ஜம்ஜம் கிணறு இருக்கிறது. ஆனால், ஊர் மக்களுக்கும் வந்து குவியும் பயணிகளுக்கும் அது ஒன்று மட்டும் போதுமா? தட்டுப்பாடு வந்தபோது, தோல்பையில் கொண்டு வந்த தண்ணீரை ஒரு பை ஒரு தினார் என்று விற்றார்களாம். ஒரு தினார் என்பது நாலேகால் கிராம் தங்கம். அதாவது, அரைப் பவுனுக்கும் மேலே! ஏழைகள் என்ன செய்வார்கள்? அவர்களுடைய நிலையைப் பார்த்து ஜுபைதா மனம் வருந்தினார்.

பணம் கொடுத்துத் தண்ணீர் வாங்கி எல்லோருக்கும் தானம் செய்திருக்கலாம். அந்த ஆண்டு தாகம் தீர்ந்திருக்கும். அடுத்த ஆண்டு? நிலையாக ஒரு வழி வேண்டும் என்று நினைத்தார் ஜுபைதா. பொறியாளர்களையும் கல் உடைப்பவர்களையும் பல இடங்களிலிருந்து வரவழைத்தார்.

வெள்ளத்துக்குப் போட்ட அணை

பாலைவனத்தில் தண்ணீரே இல்லை என்று நினைக்கிறோம். அது முழு உண்மை இல்லை. எப்போதாவது மலையில் பலத்த மழை பெய்யும். உடனே வறண்ட பள்ளத்தாக்கில் காட்டாறு போல வெள்ளம் பாயும். சில மணி நேரம்தான். பிறகு தரை காய்ந்துவிடும். அந்த வெள்ளத்தில் ஒரு பகுதி மணலுக்கும் சரளைக் கற்களுக்கும் இடையே இறங்கி, கீழே தங்கிவிடும். காய்ந்த ஆற்று மணலைத் தோண்டினால் தண்ணீர் ஊறுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அதேபோலத்தான். மேலே மணல் மூடியிருப்பதால் வெயில் அந்த நீரை எளிதில் உறிஞ்ச முடியாது.

மக்காவுக்கு அருகே ஹுனைன் என்ற இடத்தில் ஓர் ஊற்றும் தோட்டமும் இருந்தன. ஜுபைதா அந்தத் தோட்டத்தை விலைக்கு வாங்கினார். அங்கே மாளிகை கட்டவில்லை. ஊற்று நீரை மக்காவை நோக்கித் திருப்பினார். தோட்டம் இருந்த இடத்தில் அணை போட்டு, மழை வெள்ளம் தேங்கும்படி செய்தார். ஓடிப்போகும் வெள்ளத்தைத் தடுத்து நிறுத்தினால், அது மண்ணுக்குள் இறங்க நேரம் கிடைக்கும் அல்லவா? இன்று இதை நிலத்தடி நீர் செறிவூட்டல் என்கிறோம். அந்தப் பெயர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்த வேலை நடந்துவிட்டது!

ஹஜ் பயணிகள் அனைவரும் ஒரே நாளில் கூடும் இடம் அரஃபாத் சமவெளி. அங்கே தண்ணீர் கொண்டுவர, நுமான் என்ற பள்ளத்தாக்கிலிருந்து இன்னொரு கால்வாய் வெட்டப்பட்டது. பள்ளத்தாக்கில் நிலத்தடி நீர் இருக்கும் ஆழத்தில் கால்வாய் தொடங்கும். அங்கிருந்து மிக லேசான சரிவில் போய்க்கொண்டே இருக்கும். சரிவு அதிகமானால் நீர் வேகமாக ஓடிக் கால்வாயை அரித்துவிடும். குறைந்தால் வண்டல் படிந்து அடைத்துக்கொள்ளும். இடையிடையே கிணறு போன்ற குழிகள் இருக்கும். அவற்றின் வழியாக ஆட்கள் இறங்கித் தூர் வாருவார்கள். இறைக்க மாடு வேண்டாம், பம்பு செட்டும் வேண்டாம். நீர் தானாகவே ஓடி வரும்.

இந்த அமைப்பில் இன்னொரு நன்மையும் உண்டு. நிலத்தடி நீர் உயர்ந்தால் கால்வாயில் அதிக நீர் வரும். தாழ்ந்தால் குறைவாக வரும். நிலம் கொடுப்பதற்கு மேல் யாரும் பிடுங்க முடியாது!

இது எளிதான வேலை இல்லை. வழியெல்லாம் கெட்டிப் பாறை. செலவு மலை போல ஏறியது. கணக்குப் பார்த்த அதிகாரி தயங்கினார். கோடரியின் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு தினார் செலவானாலும் வேலை நிற்கக் கூடாது என்று ஜுபைதா சொல்லிவிட்டாராம். மொத்தம் 17 லட்சம் தினார் செலவானதாகச் சொல்வார்கள். வேலை முடிந்ததும் அதிகாரிகள் கணக்குப் புத்தகங்களைக் கொண்டுவந்தார்கள். ஜுபைதா அவற்றைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் டைக்ரிஸ் ஆற்றில் போடச் சொன்னாராம். இந்தக் கணக்கை இறுதித் தீர்ப்பு நாளில் இறைவன் பார்த்துக்கொள்வான் என்பது அவர் எண்ணம்.

கூஃபாவிலிருந்து மக்கா செல்லும் பாதையிலும் கிணறுகள், குளங்கள், தங்கும் இடங்கள் ஏற்படுத்தினார். வெள்ள நீர் முதலில் ஒரு சிறிய தொட்டிக்குள் வரும். அங்கே வண்டல் படிந்த பிறகு, தெளிந்த நீர் பெரிய குளத்துக்குப் போகும். இந்தப் பாதைக்கு ஜுபைதா பாதை என்றே பெயர் வந்துவிட்டது. அந்தக் குளங்களில் சிலவற்றைச் சவூதி அரேபியாவில் இன்றும் பார்க்கலாம்.

துயரம் வந்தபோதும்...

ஜுபைதாவின் பிற்கால வாழ்க்கை துயரம் நிறைந்தது. 809இல் ஹாரூன் இறந்தார். ஜுபைதாவின் ஒரே மகன் அல் அமீன் கலீபா ஆனார். அவருக்கும், வேறொரு தாய்க்குப் பிறந்த அண்ணன் அல் மாமூனுக்கும் போர் மூண்டது. பாக்தாத் நகரம் ஓராண்டுக்கு மேல் முற்றுகையில் தவித்தது. 813இல் அல் அமீன் கொல்லப்பட்டார். பெற்ற மனம் எப்படித் துடித்திருக்கும்! ஆனாலும் ஜுபைதா பழி வாங்கப் புறப்படவில்லை. பின்னர் மாமூனுடன் சமாதானமானார். 825இல் நடந்த அவருடைய திருமண விழாவிலும் கலந்துகொண்டார். 831இல் பாக்தாத்தில் ஜுபைதா காலமானார்.

அவர் வெட்டிய கால்வாய் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. இடையில் தூர்ந்து போனபோதெல்லாம் பின்னால் வந்தவர்கள் பழுது பார்த்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் துருக்கி சுல்தான் சுலைமானின் மகள் மிஹ்ரிமா பொருள் உதவி செய்து, அரஃபாத் வரை வந்த கால்வாயைப் பாறையைக் குடைந்து மக்கா வரை நீட்டச் செய்தார். ஐன் ஜுபைதா, அதாவது ஜுபைதாவின் ஊற்று, இப்படி ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பயன்பட்டது.

20ஆம் நூற்றாண்டில் ஆழமான கிணறுகளும் பம்புகளும் வந்தன. மேலே வரும் நீரைப் பள்ளத்தாக்கிலேயே இறைத்தார்கள். நிலத்தடி நீர் கீழே இறங்கியது. கால்வாய் வறண்டது. இப்போது மக்காவுக்குச் செங்கடல் நீரை உப்பு நீக்கிக் குழாயில் கொண்டுவருகிறார்கள். அதே நாட்டில், வெள்ளத்தைத் தடுத்து நிலத்துக்குள் இறக்குவதற்காகவே பல அணைகளும் கட்டியிருக்கிறார்கள். ஜுபைதாவின் பழைய வழிதான்!

குழந்தைகளே, ஜுபைதாவின் கணக்குப் புத்தகங்கள் ஆற்றோடு போய்விட்டன. ஆனால், நிலத்தடி நீரின் கணக்கை அப்படித் தூக்கிப் போட முடியாது. போட்டதைவிட அதிகமாக எடுத்தால், ஒருநாள் கிணறே அதைச் சொல்லிவிடும். அடுத்த மழை பெய்யும்போது, உங்கள் வீட்டு மொட்டை மாடித் தண்ணீர் எங்கே போகிறது என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். மண்ணுக்குள் போகிறதா, சாக்கடைக்குப் போகிறதா?