கரி முதல் மரபணு வரை: ரோசலிண்ட் பிராங்க்ளின்

டி.என்.ஏ. என்றதும் வாட்சன், கிரிக் என்ற இரண்டு பெயர்தான் நம் எல்லோருக்கும் ஞாபகம் வரும். முறுக்கிய ஏணிப் படத்தோடு சேர்த்துப் பள்ளியில் நானும் அதைத்தான் மனப்பாடம் பண்ணினேன். பாலிடெக்னிக் ஆண்டு மலரில் உயிரியல் எதுக்கு என்று கேட்காதீர்கள் நண்பர்களே! நான் சொல்லப்போகும் அம்மையார் கரித்துண்டோடும் கேமராவோடும் மல்லுக்கட்டியவர். ஒரு வகையில் நம்ம ஆள்!

ரோசலிண்ட் பிராங்க்ளின் 1920 ஜூலை 25-ல் லண்டனில் பிறந்தார். வசதியான யூதக் குடும்பம். கேம்பிரிட்ஜில் நியூன்ஹாம் கல்லூரியில் சேர்ந்து 1941-ல் இறுதித் தேர்வு எழுதினார். அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுக்க ஆரம்பித்ததே 1948-ல்தான். அப்போது உலகப்போர் நேரம். நிலக்கரி ஆராய்ச்சிச் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கரியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. ஹீலியம் மாதிரி சின்ன அணு உள்ளே நுழையும், பெரிய மூலக்கூறு நுழையாது. அதாவது கரி ஒரு சல்லடை! இந்த வேலைக்குத்தான் 1945-ல் டாக்டர் பட்டம் கிடைத்தது. பிறகு 1947 முதல் பாரிசில் கரியின் மேல் எக்ஸ்ரே பாய்ச்சி, அது சிதறும் விதத்தை வைத்து உள்ளமைப்பைக் கணக்கிடக் கற்றார். சந்தோஷமாக இருந்த காலம் அதுதான் என்பார்கள்.

1951 ஜனவரியில் லண்டன் கிங்ஸ் கல்லூரிக்கு வந்தார். வந்த உடனேயே சிக்கல். டி.என்.ஏ. எக்ஸ்ரே வேலை முழுதும் உங்களுடையது என்று தலைவர் ராண்டால் இவருக்குக் கடிதம் எழுதியிருந்தார். ஏற்கெனவே அதே வேலையில் இருந்த மாரிஸ் வில்கின்ஸுக்கு அது தெரியாது. இவர் தனக்கு உதவிக்கு வந்தவர் என்று அவர் நினைத்தார். கடைசி வரை இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவே இல்லை. தப்பு யார் பேரில் என்று கேட்டால், அந்தக் கடிதத்தின் பேரில் என்றுதான் நான் சொல்வேன்.

இனி வேலைக்கு வருவோம். டி.என்.ஏ.வை மெல்லிய நூலாக இழுத்து, கேமராவுக்குள் நிறுத்தி, எக்ஸ்ரே பாய்ச்ச வேண்டும். ஈரம் கூடினால் நூல் நீளும், குறைந்தால் சுருங்கும். அதனால் முன்பு எடுத்த படங்கள் குழம்பிக் கிடந்தன. அம்மையார் ஹைட்ரஜன் வாயுவை உப்புக் கரைசல் வழியே குமிழ விட்டு, கேமராவுக்குள் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தினார். உடனே விஷயம் தெளிந்தது. காய்ந்தால் ஒரு வடிவம் (ஏ), நனைந்தால் இன்னொரு வடிவம் (பி)! தண்ணீர் இவ்வளவு சுலபமாக உள்ளே போய் வருவதால், தண்ணீரை விரும்பும் பாஸ்பேட் பகுதி வெளிப்பக்கம்தான் இருக்கணும் என்று கணித்தார். 1951 கடைசியில் வாட்சனும் கிரிக்கும் பாஸ்பேட்டை நடுவில் வைத்து, மூன்று இழையில் ஒரு மாடல் கட்டினார்கள். இவர் கேம்பிரிட்ஜுக்கே போய்ப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் தப்பைச் சொல்லிவிட்டார்!

1952 மே மாதம் இவரும் மாணவர் கோஸ்லிங்கும் சுமார் 62 மணி நேரம் எக்ஸ்ரே பாய்ச்சி எடுத்ததுதான் பெயர்பெற்ற 51-ஆம் எண் படம். நடுவில் பெருக்கல் குறி மாதிரி புள்ளிகள். சுருள் வடிவத்துக்கு அதுவே அடையாளம். ஆனால் அம்மையார் அதை எடுத்து வைத்துவிட்டு, ஏ வடிவத்தின் கணக்கில் பல மாதம் மூழ்கிவிட்டார். மாடல் கட்டிப் பார்ப்பதில் அவருக்கு நம்பிக்கை இல்லை, கணக்கு முடியட்டும் என்றிருந்தார். இங்கேதான் அவர் பிந்திப் போனார் என்று எனக்குத் தோன்றுகிறது.

1953 ஜனவரி கடைசியில் வில்கின்ஸ் அந்தப் படத்தை வாட்சனுக்குக் காட்டினார். இவரைக் கேட்கவில்லை. இவருடைய அளவுகள் இருந்த ஓர் அறிக்கையும் கிரிக் கைக்குப் போனது. இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன என்று கிரிக்குக்குப் பிடிபட்டது அந்த எண்களிலிருந்துதான். எல்லோரும் படத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அந்த எண்கள்தான் பெரிசாகப் படுகின்றன. பிப்ரவரியில் அம்மையார் நோட்டிலேயே இரண்டு இழை என்று வந்துவிட்டது! பாக்கி இருந்தது ஜோடி சேர்ப்பு ஒன்றுதான். அடினைனுக்கு எதிரே தைமின், குவானைனுக்கு எதிரே சைட்டோசின். அதை வாட்சனும் கிரிக்கும் முடித்தார்கள். ஜோடி தெரிந்ததும் டி.என்.ஏ. தன்னைத் தானே நகலெடுக்கும் வழியும் தெரிந்துவிட்டது. ஜிப் மாதிரி பிரிந்து, ஒவ்வொரு இழையும் தனக்கு எதிர் இழையைக் கட்டிக்கொள்ளும். 1958-ல் மெசல்சனும் ஸ்டாலும் சோதனை செய்து அதை உறுதி செய்தார்கள்.

1953 ஏப்ரல் 25-ல் நேச்சர் இதழில் மூன்று கட்டுரைகள் சேர்ந்து வந்தன. இவருடையது மூன்றாவது. அதற்குள் இவர் பிர்க்பெக் கல்லூரிக்கு மாறி, புகையிலைத் தேமல் வைரஸைக் கையில் எடுத்திருந்தார். அதில் மரபணுவே ஆர்.என்.ஏ.தான். புரத உறைக்குள் அது எந்த இடத்தில் சுருண்டு கிடக்கிறது என்று காட்டினார். செல்லுக்குள் புகுந்ததும் புரதம் செய்யக் கட்டளையாகப் படிக்கப்படுவது அந்த ஆர்.என்.ஏ.தான். 1956-ல் சினைப்பைப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆபரேஷன்களுக்கு நடுவிலும் வேலையை விடவில்லை. 1962-ல் வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தபோது இவர் உயிரோடு இல்லை.

பிரசல்ஸ் உலகக் கண்காட்சிக்காக அந்த வைரஸின் ஐந்தடி உயர மாடலைச் செய்யச் சொல்லி இவரைக் கேட்டிருந்தார்கள். டேபிள் டென்னிஸ் பந்து, சைக்கிள் ஹேண்டில்பார் கைப்பிடி எல்லாம் வாங்கிச் சேர்த்து மாடல் தயாரானது. கண்காட்சி திறந்தது 1958 ஏப்ரல் 17. அதற்கு முந்தின நாள், 37 வயதில், அம்மையார் காலமாகிவிட்டார்.